தொங்கட்டான், லோலாக்கு, ஜிமிக்கி: மூன்றும் ஒன்றா?

ஏடுபுரட்டி எழுதியது:

வணக்கம். வேற்று நிலத்துச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் பாட்டி தலையாட்டிப் பேசும்போதெல்லாம் காதில் தொங்கும் நகையும் கூடவே ஆடுகிறது. அவள் கோபம், வெட்கம், பொய் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். கதையில் பதினொரு இடங்களில் அந்த நகை வருகிறது. பதினொரு முறையும் "காதணி" என்று எழுதினால் கதை செத்துவிடும்.

முதல் வரைவில் "தொங்கட்டான்" என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, "லோலாக்கு என்று எழுது, அதுதான் ஆடும்" என்றாள். அவளுடைய அம்மாவோ "ஜிமிக்கிதானே?" என்று கேட்டுவிட்டார். மூன்றும் ஒரே பொருளா, வேறு வேறா? வேர் எங்கே இருக்கிறது? பாட்டியின் கழுத்துச் சங்கிலியிலும் ஒன்று தொங்குகிறது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். "பதக்கம்" என்று எழுதினால் பாட்டி ஓட்டப்பந்தயத்தில் வென்றவள் போல ஆகிவிடுகிறது.

தூயதமிழ் எழுதியது:

இதில் ஐயத்திற்கே இடமில்லை. தொங்கு என்னும் வினையிலிருந்து பிறந்த தொங்கட்டான் தமிழ். மற்ற இரண்டும் இரவல். தொங்கட்டான் பிடிக்கவில்லையென்றால் குண்டலம் என்று எழுதுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

ஐயா, இரவலைத் துரத்திவிட்டு இன்னோர் இரவலை வாசலில் நிறுத்துகிறீர்கள். குண்டலம் வடசொல். வளையம், சுருள் என்பது அதன் அடிப்பொருள். குண்டலினி என்று யோகத்தில் சொல்வதும் சுருண்டு கிடப்பது என்ற பொருளில்தான். ஆகையால் குண்டலம் தொங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வட்டமாக இருந்தால் போதும்.

ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களெல்லாம் நகைகள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சிலம்பு, மேகலை, வளை, மணி வரைக்கும் சரி. குண்டலகேசியைக் காதில் மாட்டிவிடுவதுதான் தவறு. கேசி என்றால் கூந்தலை உடையவள். துறவு பூண்டபோது களைந்த முடி சுருள்சுருளாக மீண்டும் வளர்ந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். குண்டலம் அங்கே முடியின் சுருளுக்கு உவமையாக வந்து நிற்கிறது.

தூயதமிழ் எழுதியது:

சரி, குண்டலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குழை இருக்கிறதே! "கனங்குழை மாதர்கொல்" என்று வள்ளுவர் எழுதவில்லையா?

நேற்றுப்பிறந்தவன் எழுதியது:

குழை ஆண்கள் அணிவது, தோடு பெண்கள் அணிவது என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார். அப்படியானால் பாட்டிக்குக் குழை பொருந்துமா?

லோலாக்கு பற்றியும் ஒரு யோசனை தோன்றுகிறது. லலிதா சகஸ்ரநாமத்தில் "லோலாக்ஷி" என்று வருகிறது. அதுதான் மருவி லோலாக்கு ஆயிற்றோ?

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு ஆதாரம் திருவாசகத்தில் இருக்கிறது. திருக்கோத்தும்பியில் மணிவாசகர் அம்மையப்பர் கோலத்தைப் பாடுகிறார்: "தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்". தோல் அப்பனுக்கு, துகில் அம்மைக்கு; குழை அப்பனுக்கு, சுருள்தோடு அம்மைக்கு. ஒரே உடலில் ஒரு காதில் அது, மறு காதில் இது. சம்பந்தர் சீர்காழியில் "தோடுடைய செவியன்" என்று தொடங்கியதும் அம்மை பாகமாகிய இடச்செவியைப் பார்த்துத்தான் என்பார்கள்.

ஆனால் அதைச் சட்டமாக்க முடியாது. தூயதமிழ் ஐயா எடுத்துக்காட்டிய 1081ஆம் குறளில் குழை அணிந்திருப்பவள் பெண். கனமான குழை அணிந்த பெண்ணோ, அணங்கோ, மயிலோ என்று ஒருவன் திகைத்து நிற்கிறான். பாட்டிக்கும் தாராளமாகக் குழை அணிவிக்கலாம்.

மணிவாசகர் தோடு என்று மட்டும் சொல்லாமல் "சுருள்தோடு" என்றாரே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். தோடு என்பது முதலில் ஓலை. தொல்காப்பிய மரபியலில் புல் வகையின் உறுப்புகளைச் சொல்லும் நூற்பா "தோடே மடலே ஓலை" என்றுதான் தொடங்குகிறது. பனையும் தென்னையும் அங்கே புல் இனம். வெளியே வைரம் பாய்ந்தவை எல்லாம் புல். அந்த ஓலை நறுக்கைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகினார்கள். சுருள் விரிய முயலும், துளை அதைப் பிடித்துக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். பிறகு அதே சுருளைப் பொன்னில் செய்தபோதும் பெயர் மாறவில்லை. "காதோலை கருகமணி" என்று அம்மனுக்குப் படைக்கிறோமே, அந்தக் காதோலையும் இதே ஓலை.

அண்டை மொழிகளிலும் இதே கதைதான். கன்னடத்தில் ஓலெ என்றால் ஓலை, கடிதம், காதணி மூன்றும். தெலுங்கில் கம்ம என்றால் பனையோலை, கடிதம், காதணி. நம் கம்மல் அந்த வழியில் வந்தது. வடமொழித் தாடங்கத்தைத் தாளம் என்னும் பனைப்பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. கடிதமும் காதணியும் ஒரே பெயரில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

லோலாக்ஷிக்கு வருகிறேன். அது லோல + அக்ஷி, அசையும் கண்களை உடையவள். காதுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் தம்பி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். லோல என்றால் அசைகிற, ஊசலாடுகிற. லோலாக்கு பிறந்தது அந்த லோலத்தில்தான். ஸ்திரீலோலன் என்று திட்டுகிறோமே, அவனுடைய மனமும் அதே பாணியில்தான் ஆடுகிறது.

ஏடுபுரட்டி எழுதியது:

அப்படியானால் ஜிமிக்கி?

பழஞ்சுவடி எழுதியது:

இந்தியில் ஜும்கா, ஜும்கி. ஜூம்னா என்றால் தள்ளாடுதல், அசைந்தாடுதல். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் ஒலி சற்றே மாறிப் புழங்குகிறது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொங்கட்டான் தொங்குவதால். லோலாக்கு ஊசலாடுவதால். ஜிமிக்கி அசைந்தாடுவதால். மூன்று மொழிகள் தனித்தனியே காதைப் பார்த்து ஒரே வேலையைக் கவனித்திருக்கின்றன. தோடு, ஓலை, கம்மல் எல்லாம் எதனால் செய்தது என்பதிலிருந்து வந்த பெயர்கள். இந்த மூன்றும் என்ன செய்கிறது என்பதிலிருந்து வந்தவை. என்னைக் கேட்டால் தமிழா இரவலா என்ற பிரிவைவிட இந்தப் பிரிவு உங்களுக்கு அதிகம் உதவும்.

குழை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். குழை என்றால் தளிருமாகும், வளைந்து நெகிழ்தலும் குழைதல்தான். ஓலைக் குடும்பத்திலும் சேர்க்கலாம், வளைந்த நகை என்றும் கொள்ளலாம். நான் தளிர் பக்கம் சாய்வேன். ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

மலைக்கப்பால் எழுதியது:

தொங்குவதைப் பற்றிப் பேசும்போது தூங்குவதை விட்டுவிட்டீர்களே! நான் மலையாள நாட்டில் வளர்ந்தவன். எங்களுக்குத் தூங்ஙுக என்றால் தொங்குதல், உறங்குவதற்கு உறங்ஙுக. சிறுவயதில் தமிழ்நாட்டு உறவினர் வீட்டிற்குப் போனபோது "குழந்தை தூங்குகிறது" என்று யாரோ சொல்ல, நான் பதறிப்போய் உத்தரத்தைப் பார்த்தேன்.

பழஞ்சுவடி எழுதியது:

பழைய தமிழிலும் உங்கள் பொருளே! தூங்கணாங்குருவி சோம்பேறிப் பறவை இல்லை; அதன் கூடு கிளையில் தூங்குகிறது, அதாவது தொங்குகிறது. வானில் தொங்கிய கோட்டையைச் சோழன் அழித்தான் என்பதைத் "தூங்கெயில் எறிந்த" என்று பாடினார்கள். எயில் என்றால் மதில். மதில் உறங்கிக்கொண்டிருந்தபோது சோழன் இடித்தான் என்று ஒரு மாணவர் தேர்வில் எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன். தூக்கு, தூக்கம், தூங்கு, தொங்கு எல்லாம் உறவுகள்தான். அசைந்தாடுகிற தொட்டிலில் கண் மூடியதிலிருந்து உறக்கத்துக்கு அந்தச் சொல் நகர்ந்திருக்கலாம்.

ஊதுகுழல் எழுதியது:

நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பொன்வேலை செய்கிறவர்கள். இப்போது பட்டறையில் நான் உட்காருவதில்லை, ஆனால் அப்பா உட்கார்ந்த மணையின் உயரத்தில் பாதி இருந்தபோதிலிருந்து பார்த்திருக்கிறேன். வேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

தொங்கட்டான், லோலாக்கு, ஜிமிக்கி ஒன்றில்லை. ஜிமிக்கி என்றால் குடை வேண்டும். கவிழ்த்த கிண்ணம் போல ஒரு குடை, அதன் விளிம்பில் முத்தோ மணியோ. குடை இல்லாவிட்டால் அதை ஜிமிக்கி என்று எங்கள் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். லோலாக்குக்குக் குடை வேண்டாம், நீளம் வேண்டும். கண்ணி கண்ணியாகவோ தகடாகவோ கீழே இறங்கும். தொங்கட்டான் என்பதைப் பட்டறையில் முழு நகைக்குச் சொல்ல மாட்டோம். மேலே காதோடு ஒட்டியிருப்பது தோடு. அதன் அடியில் கோத்துவிடும் துண்டுதான் தொங்கட்டான். "தோட்டுக்குத் தொங்கட்டான் போட்டுக் கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். வெளியே வந்ததும் முழுவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது, அதையும் மறுக்கவில்லை.

ஆடுவது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு துண்டுகளைச் சேர்க்க இரண்டு வழி. ஒன்று, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது. பற்றவைத்தால் அசையாது. இன்னொன்று, வளையம் போட்டுக் கோப்பது. வளையத்தை இறுக்கமாகப் போட்டால் நகை முறைத்துக்கொண்டு நிற்கும். தளர்த்தியாகப் போட்டால் ஆடும், ஆனால் நாளடைவில் பொன்னோடு பொன் உரசித் தேய்ந்து ஒருநாள் அறுந்து விழும். ஆட்டத்துக்கும் ஆயுளுக்கும் நடுவே அந்த வளையத்தின் அளவைப் பிடிப்பதில்தான் வேலைக்காரன் தெரிவான். பழுதுக்கு வரும் தொங்கல் நகைகளில் கல் போனதைவிட வளையம் தேய்ந்ததுதான் அதிகம்.

மேலே தோட்டின் பின்புறம் திருகாணி, அது நுழையச் சுரை. தொங்கட்டான் கனத்தால் காதுத் துளை கீழே இழுபடும். அதற்குத்தான் மாட்டல்: காதிலிருந்து தலைமுடிக்கு ஏறும் சங்கிலி. பார்ப்பவர்கள் அலங்காரம் என்பார்கள். அது சுமை தாங்கி.

பழஞ்சுவடி எழுதியது:

ஊதுகுழல் ஐயா, நீங்கள் முதல் நாளே வந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன பொடிக்குப் பழைய பெயர் பற்றாசு. யாப்பிலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என்று ஒன்று உண்டு. இரண்டாம் அடிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே சீர் பொருந்தி நிற்காதபோது ஓர் அசையோ ஈரசையோ சேர்த்து ஒட்டுவார்கள். அந்த அசைக்கு "ஆசு" என்று பெயர் வந்ததற்கு உரைகாரர்கள் பொற்கொல்லரின் பற்றாசைத்தான் காரணம் காட்டுகிறார்கள். வெண்பாவுக்கே உங்கள் பட்டறையிலிருந்து பொடி போயிருக்கிறது.

ஊதுகுழல் எழுதியது:

அப்பாவிடம் சொன்னேன். "பொடி வைத்துப் பேசுகிறாரா அவர்?" என்று கேட்டார்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். எங்கள் வீட்டில் சிமிக்கி என்றுதான் சொல்லுவார்கள், ஜகரம் இல்லை. கழுத்தில் தொங்குவதற்குப் பதக்கம் என்று எழுத ஏடுபுரட்டி அக்கா ஏன் தயங்குகிறார் என்று விளங்கவில்லை. அம்மம்மாவின் பதக்கஞ்சங்கிலி என்றால் இங்கே எவரும் ஓட்டப்பந்தயத்தை நினைக்க மாட்டார்கள். நகை முதலில் வந்தது, விளையாட்டு வீரர் பிறகு வந்தார்.

நேற்றுப்பிறந்தவன் எழுதியது:

பதக்கு என்று ஓர் அளவை உண்டே, அதிலிருந்து பதக்கமா?

பழஞ்சுவடி எழுதியது:

இல்லை தம்பி. பதக்கு இரண்டு குறுணி, நெல் அளக்கிற சங்கதி. பதக்கம் வடமொழிப் பதகத்தின் தமிழ் வடிவம். இந்தியிலும் வெற்றிப் பதக்கத்துக்குப் பதக் என்பார்கள். ஒலி ஒத்திருந்தால் உறவு என்று நினைப்பதுதான் இந்த ஆராய்ச்சியில் முதல் பள்ளம். நானும் விழுந்திருக்கிறேன். வாளி என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் காதணி. கிணற்றடி வாளியோ போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இளமையில் இரண்டையும் இணைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதிவிட்டேன். நல்லவேளை, யாரும் வெளியிடவில்லை.

மலைக்கப்பால் எழுதியது:

கழுத்துச் சங்கிலியில் தொங்குவதைத் தமிழ்நாட்டில் டாலர் என்கிறார்களே, அதை யாரும் ஏன் சொல்லவில்லை?

தூயதமிழ் எழுதியது:

அதைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

பழஞ்சுவடி எழுதியது:

எனக்கு அந்தச் சொல்லின் மீது கொள்ளைப் பிரியம், ஐயா மன்னிக்க வேண்டும். பொஹீமியாவில் யோவாகிம்ஸ்டால் என்ற பள்ளத்தாக்கு ஊரில் வெள்ளி எடுத்து 1520 வாக்கில் நாணயம் அடித்தார்கள். டால் என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. ஊர்ப்பெயரின் வால் மட்டும் டாலர் என்று நாணயத்துக்கு நின்றது. காசுக்கு ஒரு வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்தால் அது நகை. நாம் காசுமாலை போட்டவர்கள், நமக்கு அது புதிதா? அப்படித்தான் காசின் பெயர் நகைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சவரனும் இங்கிலாந்தின் பொற்காசுதான். இன்று அது 8 கிராம் எடைக்குப் பெயர். காசு போய்விடுகிறது, பெயர் கழுத்திலும் தராசிலும் தங்கிவிடுகிறது.

ஆனாலும் உங்கள் கதைப் பாட்டிக்கு டாலர் வேண்டாம். படிப்பவர் அமெரிக்கப் பணத்தை நினைத்துவிடுவார்.

செவிவழி எழுதியது:

பாட்டி என்றதும் எனக்குப் பாம்படம்தான் நினைவுக்கு வந்தது. தென்மாவட்டங்களில் காதை வளர்த்துத் தோளைத் தொடும்படி அணிவார்கள். குணுக்கு என்னும் ஈய வளையங்களை மாட்டித் துளையைச் சிறிது சிறிதாகப் பெருக்குவார்கள். தண்டட்டியும் அந்த வகைதான். பாம்படம், தட்டு, முடிச்சு, பூச்சிக்கூடு என்று ஒரே காதில் ஒரு குடும்பமே குடியிருக்கும். என் அப்பாயி சிரிக்கும்போது இரண்டு பாம்படமும் கன்னத்தில் தட்டும். ஆடுகிற நகைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஏடுபுரட்டி எழுதியது:

அக்கா, படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாம்படம் என்று எழுதிய உடனே பாட்டியின் பின்னால் கரிசல் மண்ணும் பனைமரமும் வந்து நின்றுவிடும். கதை நடப்பது பனி பெய்யும் ஊரில். அந்தச் சொல் தன் ஊரையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. ஜிமிக்கியிலும் அதே சிக்கல். ஊதுகுழல் ஐயா சொன்ன குடை வந்துவிடுகிறது, மூலத்தில் குடை இல்லை, ஒற்றைக் கல் கம்பியில் தொங்குகிறது. லோலாக்கு என்றால் என் காதுக்குப் பாட்டிக்கு வயது இருபது குறைகிறது. இது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

ஆகவே காதில் தொங்கட்டான், கழுத்தில் பதக்கம். பனங்கூடல் சொன்னது சரிதான், தயக்கம் என்னுடையது. "சங்கிலிப் பதக்கம்" என்று முதல் இடத்தில் எழுதிவிட்டால் பிறகு பதக்கம் தனியாக நிற்கும்.

தொங்கட்டான் என்பதில் அந்த "ட்டான்" ஒலியே ஒரு குலுக்கல் போல இருக்கிறது. பாட்டி பொய் சொல்லும் இடத்தில் அது எனக்கு மிகவும் உதவுகிறது.

தூயதமிழ் எழுதியது:

முதல் நாளே நான் சொன்ன சொல். பதிவில் இருக்கிறது.

பழஞ்சுவடி எழுதியது:

இருக்கிறது ஐயா, அடுத்த வரியில் குண்டலமும் இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? நகைக்கு நம் பழைய பொதுச்சொல் இழை. ஆயிழை, சேயிழை என்று பெண்களை அழைத்ததெல்லாம் அதனால்தான். இத்தனை நாளும் இழையைப் பற்றி ஓர் இழையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஏடுபுரட்டி எழுதியது:

கடைசியாக ஒரு தகவல். மலைக்கப்பால் நண்பர் சொன்ன தூங்குதல் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. பாட்டி இறந்துபோகும் இறுதிக் காட்சியில் "அவள் காதில் தொங்கட்டான் அசையாமல் தூங்கியது" என்று எழுதினேன். தொங்கியது, உறங்கியது இரண்டும் அதில் இருக்கட்டும் என்று. பிழை திருத்துபவர் தூங்கியதை அடித்து "தொங்கியது" என்று மாற்றி, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "நகை தூங்காது."

தூங்கெயிலையும் தூங்கணாங்குருவியையும் எடுத்துக்கொண்டு நாளை அவரைப் பார்க்கப் போகிறேன்.